உரோமின் மதிலும் கடவுளின் நகரமும்

ஒரு நகரத்தை உண்மையில் காப்பது எது என்னும் வினா போர்க்கலைக்கு உரியதாகத் தோன்றினாலும், கிறித்தவ மெய்யியலின் தலையாய நூல்களுள் ஒன்று அவ்வினாவை ஒட்டியே பிறந்தது. தொலைவிலிருந்த எல்லைப் படைகளையே அரணாக நம்பிய உரோம் நகரம், பல நூற்றாண்டுகளில் தன் பழைய மதிலைக் கடந்து பரந்திருந்தது. யூத்துங்கி என்னும் செருமானிய இனத்தார் இத்தாலிக்குள் ஊடுருவிய பின்னரே, பேரரசர் அவுரேலியன் கி.பி. 271இல் புதிய மதிலைக் கட்டத் தொடங்கினார். ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளமும் 3.5 மீட்டர் தடிமனும் கொண்ட அம்மதிலை விரைந்து முடிக்க வேண்டியிருந்தமையால், நகருக்கு நீர் கொணர்ந்த உயர் கால்வாய்களின் வளைவுகளும் செஸ்தியுஸ் என்பாரின் பிரமிடு வடிவக் கல்லறையும் அதனோடு இணைக்கப்பட்டன. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் ஹொனோரியுஸ் அதைச் சீரமைத்து வலுப்படுத்தினார்.

ஆயினும் 410 ஆகஸ்ட் 24 அன்று, அலாரிக் தலைமையிலான விசிகோத்தியர் சலாரியா வாயில் வழியாக நுழைந்து மூன்று நாள் நகரைச் சூறையாடினர். பழைய தெய்வங்களைக் கைவிட்டதே இவ்வழிவுக்குக் காரணம் என்று மரபுச் சமயத்தார் குற்றஞ்சாட்ட, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான அகஸ்தீனார் அதற்கு விடையாக 413 முதல் 426 வரை ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலை 22 பகுதிகளாக எழுதினார். டிராய் நகரைக் காக்க இயலாத தெய்வங்களையே உரோமானியர் தம் காவலராகக் கொண்டனர் என்று சுட்டிய அவர், கிறித்துவை வணங்கும் நகரம் வீழாது என்ற உறுதியையும் தரவில்லை. துன்பம் நல்லோரையும் தீயோரையும் ஒருங்கே தாக்கும் என்றும், அதை ஏற்கும் உள்ளத்தின் தன்மையே இருவரையும் வேறுபடுத்தும் என்றும் கருதினார்.

இக்கருத்தின் ஆழம் அவர் வகுத்த இரு நகரங்களில் புலப்படும். தன்னலப் பற்றால் உருவாகும் மண்ணக நகரமும் இறையன்பால் உருவாகும் விண்ணக நகரமும் இறுதித் தீர்ப்பு வரை ஒன்றோடொன்று கலந்தே வாழ்வதால், அவற்றிடையே மதில் எழுப்புவது எவராலும் இயலாது. எழுந்துகொண்டிருந்த மதிலைத் தாண்டிக் குதித்த உடன்பிறந்தான் ரேமுஸை ரோமுலுஸ் கொன்றான் என்பது உரோமின் தொன்மம். ஆட்சிப் புகழைப் பகிர மனமில்லாத ஆசையை அக்கொலையில் கண்ட அகஸ்தீனார்க்கு, நகரின் முதற்பகை அதன் உள்ளேயே குடியிருந்தது.

அலாரிக்கின் படையினர் மக்களைக் கொல்லாது விட்ட புகலிடங்களுள் தலையாயவை புனித பேதுரு, புனித பவுல் ஆகியோரின் பேராலயங்கள். அவை இரண்டும் மதிலுக்கு வெளியே இருந்தன. பகைவரும் மதித்த புனிதம், மதில் தர இயலாத காவலை அங்கே தந்தது. எனினும் 846இல் சரசேனியர் எனப்பட்ட அரபுப் படையினர் அவற்றைக் கொள்ளையிட்டபோது அம்மதிப்பு துணை நிற்கவில்லை; ஆகவே திருத்தந்தை நான்காம் லியோ 852க்குள் பேதுரு பேராலயத்தைச் சூழ மதில் எழுப்பினார். இச்செயல் அகஸ்தீனாரின் கோட்பாட்டுக்கு முரணன்று. மண்ணக அமைதியும் ஒரு நன்மையே, அதை இறையடியாரும் பேண வேண்டும் என்பதே அவர் கொள்கை. ஆதலால் மதில் கட்டுவது மக்களைக் காக்கும் கடமையாகும். அதற்குள் வாழ்வதாலேயே தாம் நல்லோர் என்றும் கடவுளின் காவலுக்கு உரியோர் என்றும் எண்ணுவதே பிழையாகும்.