இயக்குபவரும் இயக்கப்படுபவரும்

திரைப்படத்தில் ஒரு காட்சி சிறப்பாக இயக்கப்பட்டிருக்கிறது என்று நாம் சொல்லும்போது எதனைப் பாராட்டுகிறோம்? ஒளியமைப்பையா, நடிப்பையா, காமிரா நகரும் நயத்தையா? இவையனைத்தும் கூடிவந்த காட்சிகள் நம் நெஞ்சைத் தொடாது போவதுண்டு. இவற்றுள் பல குறைந்த காட்சிகள் ஆண்டுக்கணக்கில் நம்மைவிட்டு அகலாதிருப்பதும் உண்டு. 'இயக்குநர்' என்னும் தமிழ்ச்சொல்லே நமக்கொரு குறிப்பைத் தருகிறது. அவர் எதனை இயக்குகிறார்? நடிகரையும் கருவிகளையும் என்பது பாதி விடையே. இருளில் அமர்ந்திருக்கும் நம்மையும் அவர் இயக்குகிறார். எங்கே நோக்கவேண்டும், எவ்வளவு நேரம் நோக்கவேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கிறார். ஆகவே இது அழகியல் வினா மட்டுமன்று. ஒரு மனிதர் மற்றொரு மனிதரை எவ்வாறு நடத்தலாம் என்னும் அறவியல் வினாவுமாகும்.

புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் கலைத்திறனையும் விவேகத்தையும் வேறு பிரித்துக் காட்டுகிறார். கலைத்திறன் செய்யப்படும் பொருளைச் செம்மையாக்குவது. விவேகம் செய்பவரின் செயலையே செம்மையாக்குவது. தச்சர் தீயவராயினும் அவர் செய்த நாற்காலி நல்ல நாற்காலியாக இருக்கலாம் என்பது இதிலிருந்து நாம் பெறும் முடிபு. இப்பாகுபாடு திரைப்படத்துக்கு அப்படியே பொருந்துமா? நாற்காலியில் செதுக்கப்படுவது மரம். திரைப்படத்தில் செதுக்கப்படுவது பார்ப்பவரின் உள்ளமும் அன்றோ!

இவ்வினாவைத் தட்டிக்கழிக்க இயலாதபடி செய்யும் படமொன்று உண்டு. 1934-இல் ந்யூரம்பர்க் நகரில் நடந்த நாத்சிக் கட்சி மாநாட்டை லெனி ரீஃபென்ஸ்டால் என்னும் ஜெர்மானியப் பெண்மணி படமாக்கினார். 'மனவுறுதியின் வெற்றி' என்ற அப்படம் 1935-இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில், மேகக் கூட்டத்தினூடே ஒரு விமானம் இறங்கி வருகிறது; பழைய நகரின் கோபுரங்கள் தென்படுகின்றன; ஹிட்லர் இறங்குகிறார்; வழிநெடுக மக்கள் கை உயர்த்தி ஆர்ப்பரிக்கின்றனர்; குழந்தையை ஏந்திய தாயொருத்தி அவரை நெருங்கி வருகிறாள். மீட்பர் ஒருவர் விண்ணினின்று இறங்கி வந்ததுபோன்ற உணர்வு, ஒரு விளக்கவுரையும் இன்றி, படங்களாலேயே ஊட்டப்பட்டுவிடுகிறது. திறமை இல்லை என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் அக்காட்சியில் நமக்கு ஓர் இருக்கைதான் உண்டு. அது ஆர்ப்பரிக்கும் கூட்டத்தின் நடுவே போடப்பட்டிருக்கிறது. எழுந்து விலகி நின்று, 'இவர் யார்?' என்று கேட்க இடமே விடப்படவில்லை. இதைச் சிறந்த இயக்கம் என்று புகழ நமக்கு மனம் ஒப்பவில்லை. மிகத் திறமையான இழுத்துச் செல்லல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நல்ல நோக்கம் இருந்துவிட்டால் இக்குறை நேராது என்றும் எண்ணிவிடலாகாது. 1960-இல் வெளிவந்த 'காப்போ' என்னும் இத்தாலியப் படம் நாத்சி வதைமுகாமின் கொடுமையைக் கண்டிக்கவே எடுக்கப்பட்டது. கைதியான ஒரு பெண் மின்வேலியில் பாய்ந்து உயிர்விடும்போது, அவளது உடலை எழிலுற அமைத்துக் காட்டுவதற்காகக் காமிரா முன்னோக்கி நகர்கிறது. அந்த ஒரு நகர்வுக்காகவே பிரெஞ்சுத் திறனாய்வாளர் ழாக் ரிவெத் 1961-இல் அப்படத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தார். பிறர் துயரை அலங்கரிப்பதும் ஒருவகை அவமதிப்பே. அழுகின்ற ஒரே முகத்தை மும்முறை காட்டி, இடியோசையும் சேர்த்துத் தரும் நம் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கு மாறாக நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது, பியர் பாவுலோ பசோலினி 1964-இல் எடுத்த 'மத்தேயு நற்செய்தி' படத்தின் முதற் காட்சியை. பசோலினி மார்க்சியவாதி, கடவுள் நம்பிக்கையற்றவர் என்று தம்மை அறிவித்துக்கொண்டவர், முந்தைய ஆண்டில்தான் வேறொரு படத்துக்காகச் சமயத்தை இழிவுபடுத்தியதாக இத்தாலிய நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டிருந்தார். அவரே இப்படத்தைத் திருத்தந்தை 23ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. தூய ஆவி எங்கே வீசும் என்று யாரறிவார்!

காட்சி இதுதான். ஓர் இளம்பெண்ணின் முகம், திரை முழுவதும். அடுத்து, அவளை நோக்கும் ஓர் ஆணின் முகம். மீண்டும் அவள். ஒரு சொல்லும் இல்லை. ஏதோ நேர்ந்துவிட்டது என்று மட்டும் உணர்கிறோம், என்னவென்று தெரியவில்லை. பிறகு காமிரா தள்ளி நின்று அவளை முழுதாகக் காட்டுகிறது. அவள் கருவுற்றிருக்கிறாள். யோசேப்பு திரும்பி நடக்கிறார்.

மண ஒப்பந்தமான பெண் பிறரோடு கூடினால் கல்லெறிந்து கொல்லவேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் விதி. யோசேப்பு நேர்மையாளர் என்றும், மரியாவை மறைவாக விலக்கிவிட எண்ணினார் என்றும் மத்தேயு எழுதிச் செல்கிறார். அவ்வரிகளை நாம் திருவருகைக் காலத்தில் எத்தனையோ முறை கேட்டுப் பழகிவிட்டோம். வானதூதர் வருவார் என்று முன்னரே தெரிந்திருப்பதால் யோசேப்பின் நெஞ்சு பிளந்ததை நாம் கேட்பதேயில்லை. பசோலினி அந்த முன்னறிவை நம்மிடமிருந்து சற்று நேரம் பறித்துவிடுகிறார். முகங்களை முதலிலும் வயிற்றைப் பின்னரும் காட்டிய அந்த வரிசைமுறைதான் அவர் செய்த வேலை. நாம் யோசேப்பின் இடத்தில் நிறுத்தப்படுகிறோம். கண்ணால் கண்டதைக்கொண்டு தீர்ப்பிடும் உரிமை நமக்கு அளிக்கப்படுகிறது. சோக இசையோ கதறலோ நம்மை எப்பக்கமும் தள்ளுவதில்லை.

அவ்வாறு உரிமை அளித்தால் பார்ப்பவர் தவறாகத் தீர்ப்பிட்டுவிடமாட்டாரா என்று கேட்கலாம். தீர்ப்பிடலாம்தான். ஆனால் ஆண்டவரும் அத்தகைய துணிவோடுதான் கதை சொன்னார். ஊதாரி மைந்தன் உவமையில் மூத்த மகன் இறுதியில் வீட்டுக்குள் வந்தானா இல்லையா என்று லூக்கா நற்செய்தி கூறவில்லை. தந்தை வெளியே நின்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே கதை நின்றுவிடுகிறது. அதைத் தாங்கமாட்டாமல், அவனை எப்படியாவது உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் மறையுரைகள் நம் கோவில்களில் ஏராளம்!

படத்தில், களைத்துப்போன யோசேப்பு வழியில் தலைசாய்த்து உறங்குகிறார். அருகே சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கின்றனர். வெண்ணாடை அணிந்த வானதூதர் வருகிறார், சிறகுகளில்லை, ஒளிவட்டமுமில்லை. சொல்லவேண்டியதைச் சொல்கிறார். யோசேப்பு விரைந்து திரும்புகிறார். அங்கே நிற்பவர் அதே பெண்தான், எதுவும் மாறிவிடவில்லை. மரியா மெல்லப் புன்னகைக்கிறார். இத்தனை நேரமும் அவருக்கு உண்மை தெரிந்திருந்தது என்பதும், தம்மைக் காத்துக்கொள்ள அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் நமக்கு உறைக்கின்றன.