நலத்தை அளப்பவர் யார்?

ஒருவரது நலத்தை அளந்து கூறும் உரிமை யாருக்குரியது? சமூகப்பணியைக் கற்போரும் கற்பிப்போரும் எளிதிற் கடந்துவிடும் வினா இது.

கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் முருங்கன் வயற்புறத்தில், போரிற் காலிழந்த பெண்ணொருத்தியை எண்ணிப் பார்ப்போம். ஆய்வு மாணவர் வினாப்படிவத்துடன் செல்கிறார். குடும்பத் தலைவர் என்ற முறையில் தந்தையே விடையளிக்கிறார். சமைப்பவளும், நோயுற்ற தாயைப் பராமரிப்பவளும் அப்பெண்ணே. ஆயினும் படிவத்தில் அவள் தங்கிவாழ்வோருள் ஒருத்தி. காலிழந்த ஆடவனுக்கு உறவினர் மணமகள் தேடுவர். அவளுக்கோ அப்பேச்சும் எழுவது அரிது.

அவளையே கேட்டாற் போதுமா? “எனக்கொரு குறையுமில்லை” என்கிறாள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மனநிறைவை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் உடற்குறையுடையோர்க்கு நீதி கிட்டாது என அமர்த்தியா சென் 1979 இல் ஆற்றிய பேருரையில் காட்டினார். இல்லாமைக்குப் பழகிய மனம் தன் ஆசையையும் சுருக்கிக்கொள்ளும் என்பதைப் பின்னர் விளக்கினார்.

ஆயின், அவள் சொல்லைப் புறக்கணிக்கலாமோ எனின், ஆகாது. மாற்றவேண்டியது நம் வினாவையே. தனியே சந்தைக்குச் சென்றுவர இயலுமா? தனக்குக் கிடைக்கும் உதவிப்பணத்தைத் தானே செலவிடுகிறாளா? மணம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கூற அவளுக்கு இடமுண்டா?

மாற்றுத்திறனாளிப் பெண்கள் பன்முகப் பாகுபாட்டுக்கு உள்ளாகின்றனர் என்பதை, இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 6 ஆம் உறுப்புரை ஒப்புக்கொள்கிறது. அவ்வுண்மை ஆய்வுப் படிவத்திலும் இடம்பெறல் வேண்டும். தந்தை பேசி முடித்த பின்னரும் படிவத்தை மூடாது, அவள் அடுப்படி வேலை முடித்து வரும்வரை காத்திருக்க மாணவரைப் பயிற்றுவதே சமூகப்பணிக் கல்வியின் முதற்கடன்.