வினையும் வெப்பமும்

பங்குனியிலும் ஐப்பசியிலும் நிகழும் உற்சவத்தின் இறுதி நாளில், திருவனந்தபுரத்து அனந்தபத்மநாப சுவாமி கோயிலின் உற்சவ மூர்த்திகள் மேற்குக் கோட்டை வழியாகப் புறப்பட்டு, விமான நிலையத்தின் ஓடுபாதையையும் கடந்து, சங்குமுகம் கடற்கரைக்கு ஆராட்டுக்காக எழுந்தருள்கின்றன. நீராட்டு முடிந்து தீவட்டிகள் திரும்பிய பின், அலைகள் அரித்துவிட்ட அந்தக் கரையில் நின்று மேற்கே நோக்குகிறவர் உள்ளத்தில், முன்னோர் பக்தியோடு வணங்கிய கடலைக் குறித்து இன்று ஒரு வினாவும் எழுகின்றது. மழையும் புயலும் ஈசுவர சங்கற்பமா, இயற்கையின் நியதியா, மனிதன் செய்த கர்மத்தின் பலனா?

விடை தேடுமுன், வானம் தொழிற்படும் முறையை அறிந்துகொள்வது நலம். அதற்கு நம் அடுக்களையில் உள்ள மண்பானையே போதும். அதன் புறத்தே கசிந்து நிற்கும் நீர் ஆவியாகும்போது, கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்வதனால்தான் உள்ளே இருக்கும் நீர் குளிர்கின்றது. பானையை விட்டகன்ற அவ்வெப்பம் அழிந்துபோவதில்லை. ஆவிக்குள் மறைந்து நிற்கின்றது. அவ்வாறே, சூரியனிடம் பெற்ற சக்தியை அரபிக்கடல் ஆவியில் பொதிந்து காற்றிடம் ஒப்படைக்க, காற்று அதைச் சுமந்து வந்து, அகத்தியமலை முதலிய மேற்குமலைச் சிகரங்களில் மோதி மேலேறிக் குளிர, ஆவி நீராக மாறி, மறைந்திருந்த வெப்பம் வெளிப்பட்டு, மேகத்தை இன்னும் உயர்த்தி, மேலும் காற்றை ஈர்க்கின்றது. ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளக் கரையை அடையும், இந்நாட்டார் இடவப்பாதி என்றழைக்கும் பருவமழை இந்தச் சக்திப் பிரவாகத்தின் ஒரு வடிவமே. உள்ளது அழியாது என்ற சற்காரியவாதத்தை விளக்கத் தத்துவ நூலார் மண்ணையும் குடத்தையும் உதாரணம் காட்டினார்கள். அந்தக் குடத்திலே கசியும் நீரும் அதற்கு ஓர் உதாரணமாகின்றது.

பூமி சூரியனிடமிருந்து பெறும் அளவு சக்தியை மீண்டும் ஆகாயத்துக்கே அனுப்பிவிடுமாயின், அதன் வெப்பநிலை நிலைபெற்று நிற்கும். ஆனால், இயந்திர யுகத்துக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமிலவாயு, நிலக்கரியையும் எண்ணெயையும் நாம் எரித்துவந்ததனால் இன்று 420 பங்குக்கு மேல் பெருகி, திரும்பிச் செல்ல வேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றது. தேங்கிய அவ்வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைக் கடலே ஏற்றுக்கொள்கின்றது. காற்று ஒரு டிகிரி சூடேறினால், அது தாங்கக்கூடிய ஆவி நூற்றுக்கு 7 பங்கு கூடுகின்றது. ஆதலால் பெய்யும் மழை பேய்மழையாகவும், எழும் புயல் கடும்புயலாகவும் ஆவதற்கு இடமுண்டாகின்றது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி, குமரிக்கடலில் ஒக்கிப் புயல் மிக விரைவில் வலுப்பெற்றபோது, பூந்துறை, விழிஞ்ஞம், தூத்தூர் முதலிய ஊர்களிலிருந்து கடலுக்குச் சென்றிருந்தவர்களுள் நூற்றுக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. ஒரு தனிப்புயலை முழுவதும் மனிதர் செயலென்று சொல்லிவிட முடியாது என்பது உண்மை. எனினும், புயலுக்கு ஆகாரம் கடலின் வெப்பம் என்பதும், அக்கடலை நாம் சூடேற்றிவருகிறோம் என்பதும் அதே அளவு உண்மை. வினை விதைத்தவன் வினையறுப்பான் என்று படித்த நமக்கு இங்கேதான் தர்மசங்கடம் நேர்கின்றது. எங்கோ யாரோ விதைக்க, படகோட்டிப் பிழைக்கும் ஏழை அறுவடை செய்கிறான். அவனுடைய பூர்வஜன்ம பாவமே அதற்குக் காரணம் என்று கூறுவது, ஆராயத் துணியாதவர் சொல்லும் சமாதானம், இரக்கமற்ற சமாதானமுங்கூட.

நம் மரபிலேயே இதற்கு வேறு விடை உண்டு. அரசன் நெறி தவறினால் மழை பொய்க்கும் என்று முன்னோர் நம்பினார்கள். அந்நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒதுக்கினோமே தவிர, அதிகாரம் உடையவன் இழைத்த பிழையின் பலன் அதில் பங்கில்லாத குடிகள்மீது விழும் என்ற அதன் உட்பொருளைச் சிந்திக்கத் தவறினோம். இன்று எரிக்கும் ஆற்றலைக் கையில் வைத்திருக்கும் தேசங்களும் செல்வரும், வசதியுள்ள நாம் ஒவ்வொருவரும், நம்மளவில் அந்த அரசர்களே. இயற்கையின் நியதி ஈசுவரனுடையதாக இருக்கலாம்; அந்த நியதிக்குள் நாம் இட்ட வினை நம்முடையது.

1750ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மார்த்தாண்டவர்மர் தம் உடைவாளைப் பத்மநாபன் சந்நிதியில் வைத்து, திருவிதாங்கூர் ராஜ்யத்தை அவனுக்கே அர்ப்பணம் செய்து, பின்னர் பத்மநாபதாசராக அதை ஆண்டார். ஆளுகிறவன் உரிமையாளன் அல்லன், ஒப்படைக்கப்பட்டதைக் காப்பவன் என்பதே திருப்படிதானம் என்னும் அச்செயலின் தாத்பரியம். வாளைப் பற்றி அவர் கொண்ட அந்த எண்ணத்தை நாம் நெருப்பைப் பற்றிக் கொள்ள வேண்டும். எரிப்பதைக் குறைப்பதும், அலையோரத்தில் வாழ்வோரைக் காப்பதும் இக்காலத்து இறைவழிபாட்டின் தவிர்க்கலாகாத அங்கங்கள். அவற்றை விட்டுவிட்டு, மழைக்காக மட்டும் கை கூப்பி நிற்பது பக்தியாகாது.