சீக்வென்சருக்குச் சலிப்பு உண்டா?

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறையில் தியோமான் தீவுப் படகுகளுக்கு நேரம் குறிப்பது கடல்தான். நீர் வற்றினால் காத்திருக்க வேண்டும். அந்த வேளையில் கைப்பேசியில், அடிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் ஸ்டெப் சீக்வென்சர் செயலியைத் திறந்து தாளம் கட்டுவேன். 16 கட்டங்கள், ஆதி தாளத்தின் 8 அட்சரத்துக்கு இரண்டிரண்டாகப் பொருந்தும். ரூபகத்துக்கு 12 போதும். தட்டிவிட்டால் ஓயாமல் சுற்றும்.

"அத்தை 108 தடவை நாமம் சொல்றதும் இதுவும் ஒண்ணுதானே?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. பல கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டார்தான் மணியும் முரசும் அடிக்கிறது. திரும்பத் திரும்ப ஒலிப்பதே வழிபாடு என்றால், மோட்டாரும் பக்தன்தான்.

மின்னிசைக் கருவிகளை இணைக்க 1983இல் வந்த மிடி முறை, ஒவ்வோர் அடியின் வலுவையும் 1 முதல் 127 வரை எண்ணாக்கியது. உறுமித் தோலை வளைகுச்சி உரசும் முனகல் அந்த எண்ணுக்குள் அடங்காது. அடங்கினாலும், சீக்வென்சருக்குச் சலிப்பு வராது. அத்தைக்கு வரும். ஜபமாலையின் நாற்பதாவது மணியில் மனம் மீன் விலைக்கு ஓடும். இழுத்து வந்து அடுத்த மணியில் உட்கார வைப்பார். ஜபம் என்பது அந்த இழுபறிதான். வழிதவறத் தெரியாததற்குத் திரும்பி வரவும் தெரியாது.

செயலியை நான் ஒதுக்கவில்லை. தைப்பூசப் பாட்டுப் பயிற்சிக்கு அது காலம் காட்டட்டும்; கும்பிடுவது என் பொறுப்பு.