கற்றுக்கொடுக்கிற மனது



நம்முடைய வாலிபர்களில் சிலர் கம்ப்யூட்டரில் ஹிப் ஹாப் தாளம் அமைக்கக் கற்றுக்கொள்ளுகிறார்கள். "பாஸ்டர், பட்டனைத் தட்டினா மிஷினே வாசிக்குது. இதுல படிக்க என்ன இருக்கு?" என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். இந்த மாதம் அதைப்பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவிலே டெட்ராய்ட் பட்டணத்தில், கோனன்ட் கார்டன்ஸ் என்னும் பகுதியில் ஜேம்ஸ் யான்சி என்றொரு வாலிபன் இருந்தான். பிற்பாடு உலகம் அவனை ஜே டில்லா என்று அறிந்தது. தாளம் அமைக்க அவனுக்குத் தீராத வாஞ்சை. ஆனால் நல்ல மிஷின் கிடையாது.

அதே பகுதியில் ஆம்ப் ஃபிட்லர் என்ற கீபோர்டு கலைஞர் இருந்தார். அவரிடம் எம்.பி.சி. 60 என்ற மிஷின் இருந்தது. ரோஜர் லின் வடிவமைக்க, அகாய் கம்பெனி 1988-ல் வெளியிட்டது. அதிலே 16 ரப்பர் பட்டன்கள். ஒன்றில் கிக் டிரம், ஒன்றில் ஸ்னேர், இன்னொன்றில் பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. விரலால் தட்டினால் மிஷின் அதை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஃபிட்லர் தன் வீட்டுக் கதவைத் திறந்தார். அந்தப் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்.

இங்கேதான் கவனிக்கணும். விரல் தாளம் தப்பினால் அதை இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்தும் வசதி அந்த மிஷினில் உண்டு. டில்லாவோ பல பாடல்களில் அதை அணைத்துவிட்டுக் கையாலேயே வாசித்தான். ஓர் அடி மயிரிழை முந்தும், ஓர் அடி பிந்தும். அந்த அசைவுதான் அவனுடைய கையெழுத்து. பெற்றோரே, மிஷின் வாசிக்கவில்லை. காதும் கையும் வாசிக்கின்றன!

1994-ல் ஃபிட்லரே அவனை 'எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்' குழுவின் கியூ-டிப்பிடம் அறிமுகப்படுத்தினார். டில்லா 2006-ல் 32 வயதில் மரித்தான். பின்னாளில் அவன் வாசித்த எம்.பி.சி. 3000, இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்கருக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபிட்லரும் 2023-ல் கடந்துபோனார். அவர் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால்?

யாத்திராகமம் 35-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெசலெயேலுக்குத் தேவன் கைவேலையின் ஞானத்தை மட்டுமா கொடுத்தார்? மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற மனதையும் சேர்த்தே கொடுத்தார். வரம் வேறு, போதிக்கிற மனது வேறு. இரண்டும் அவருடைய ஈவுகளே.

ஹிப் ஹாப் பாடல்களின் வார்த்தைகளெல்லாம் நமக்குத் தகும் என்று நான் சொல்லவரவில்லை. தாளம் கற்பதைக் குறித்தே சொல்லுகிறேன். தம்பி, முதலில் நான்கு எண்ணு. ஒன்றிலும் மூன்றிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர். அது உன் விரலில் நிற்கும்வரை வேறொன்றுக்கும் தாவாதே. தட்டுகிறதைவிட அதிகமாய்க் கேள்.

வாத்தியம் அறிந்த சகோதரரே, உங்கள் தெருவில் ஒரு பையன் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறான். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அவன் விரல்கள் சோர்ந்துபோக வேண்டுமா? அவனை வீட்டுக்குள் கூப்பிடுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.