சபையில் ஒரு குரல்

பலர் கூடி ஒருமுகமாகச் சொல்வதனாலேயே ஒன்று தர்மமாகிவிடுமா? தனித்து நிற்பவர் சொல் என்பதனாலேயே அது தள்ளத்தக்கதாகுமா? ஸ்ரீமத் ராமாயணத்தின் யுத்த காண்டம், கடலுக்கு அக்கரையில் ஒன்றும் இக்கரையில் ஒன்றுமாக இரண்டு சபைகளைக் காட்டி இவ்வினாவிற்கு விடை அளிக்கிறது.

முதலாவது இராவணனுடைய சபை. திருவடி இலங்கையை எரித்துச் சென்றபின், மேற்செய்வதை ஆராய அவன் மந்திரிகளைக் கூட்டினான். பிரஹஸ்தன், துர்முகன், வஜ்ரதம்ஷ்ட்ரன், நிகும்பன், வஜ்ரஹனு என ஒருவர்பின் ஒருவராக எழுந்து வீரம் பேசினர். ஒருவன் முழங்க, அடுத்தவன் அதனினும் உரக்க முழங்கவேண்டியதாயிற்று. ஒரு தூதனே நகரை எரித்துச் சென்றான் என்பதன் பொருளை எவரும் எண்ணவில்லை. கும்பகர்ணனோ, பிராட்டியைக் கவர்ந்து வந்தது தகாத செயல் என்று கடிந்தான். ஆயினும் முடிவில் தமையனுக்காகப் போரிடுவதாகவே வாக்களித்தான். அறிவு கண்ட உண்மையின் பக்கம் அவனால் நிற்க இயலவில்லை.

ஸ்ரீ விபீஷணாழ்வான் ஒருவரே பிராட்டியைத் திருப்பி அளிக்குமாறு மீண்டும் மீண்டும் இடித்துரைத்தார். தூதனைக் கொல்லலாகாது என்று அவர் முன்பு சொன்னதை ஏற்ற அதே இராவணன், இப்பொழுது அவரைக் குலத்திற்கே இழுக்கு என்று இகழ்ந்தான்.

உடன்பிறந்தவனைக் கைவிட்டது முறையோ என்று கேட்பார் உண்டு. விபீஷணாழ்வான் புறங்கூறவில்லை, பகைவருடன் மறைவில் பேசவும் இல்லை. தமையனின் முகத்தெதிரே, அவன் நலம் கருதியே சொன்னார். கேட்பார் இல்லை என்றானபிறகே நால்வருடன் வெளியேறினார். தனித்துச் சிந்திப்பது மனம்போன போக்கன்று. தர்மத்தை உரைகல்லாகக் கொண்டு உரைத்துப் பார்ப்பதேயாகும்.

இக்கரையில் நடந்தது என்ன? அடைக்கலம் வேண்டி வந்தவரைச் சேர்க்கலாகாது என்றார் சுக்ரீவ மஹாராஜர். அங்கதன், சரபன், ஜாம்பவான், மைந்தன் ஆகியோரும் ஐயுற்றே பேசினர். இவர்கள் தீயோர் அல்லர். பெருமாளிடத்து வைத்த அன்பே அவர்களை அஞ்சச் செய்தது. நல்லோர் கூடிய இடத்திலும் அன்பு மிகுதியால் விவேகம் மறைவதுண்டு. திருவடி ஒருவரே வேறுபட்டு, ஏற்கலாம் என்று காரணங்களுடன் விண்ணப்பித்தார். பெருமாள் அனைவரையும் பேசவிட்டார். சரணம் என்று வந்தவரைக் கைவிடுவதில்லை என்ற தம் உறுதியைத் தெரிவித்தார். மஹாராஜர் மறுபடி மறுத்தபோதும் ஆணையிட்டு அடக்காமல், அவர் மனம் இசையும்வரை காரணம் காட்டினார்.

இரண்டு சபைகளிலும் பலர் ஒருபுறம், ஒருவர் மறுபுறம். ஒன்றில் தனிக்குரலைத் துரத்தினார்கள், நகரம் அழிந்தது. மற்றொன்றில் அதற்குச் செவி கொடுத்தார்கள். சரணாகதி தர்மம் உலகில் விளங்கிற்று. ஆகவே சொல்பவருக்குத் துணிவு வேண்டுவதுபோல், கேட்பவருக்குப் பொறுமையும் வேண்டும்.

திருத்தேர் வடத்தை ஆயிரம் பேர் பிடிக்கிறார்கள். சக்கரத்தின் அடியில் கட்டை இடுபவரோ ஒரு சிலரே. ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்பது உலக வழக்கில் ஏச்சாக இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டை இல்லாவிடில் தேர் வீதி திரும்பாது. நிலைக்கும் வந்து சேராது. இல்லத்திலும் ஊரிலும் அத்தகையோர் சொல்லுக்குச் செவிசாய்க்கும் நல்லறிவை எம்பெருமான் அனைவருக்கும் அருள்வானாக.