கண்ணாடியிற் படியும் கரி

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பின் கண்ணாடிக் கதவிற் கரி படிவது ஏன்? ஈரவிறகு எரிகையில் வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிற் செலவாகின்றது, தீ தணிகின்றது, முற்றாக எரியாத புகை கண்ணாடி மீது படிகின்றது. காற்றை அளவுமீறிக் குறைப்பினும் விளைவு இதுவே. நனைத்த தாளிற் சாம்பலைத் தொட்டுத் துடைத்தால் அக்கறை அகலும்.

ஆயின், அதே புகை புகைபோக்கி வழியே அயலவரின் சுவாசத்தையும் அடைகின்றது. அதனைத் துடைக்க எத்தாளும் இல்லை. 2 கனமீற்றருக்குக் குறைவாக விற்கப்படும் விறகின் ஈரம் 20 சதவீதத்தை மீறலாகாதென 2021 இல் இங்கிலாந்து விதித்தமை இதனாலேயே.

துடைத்த கண்ணாடி விரைவிலே மீண்டும் கறுக்குமாயின், அது தீயின் குறையைக் கூறும் சாட்சியாகும். துடைப்பதோடு அமைபவன் தன் கண்ணுக்கு உதவுகின்றான். அச்சாட்சியை ஏற்று விறகை உலர்த்துபவன் பிறர்க்கும் உதவுகின்றான். முன்னையது தூய்மை, பின்னையதே அறம்.